மேயர் நாற்காலியும் மாறும் விதிகளும்: நெல்லையிலிருந்து ஜெனோவா வரை

2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, திருநெல்வேலி மாவட்டம் மானூர் ஒன்றியத்தில் வாக்குச்சாவடிக்குப் போன ஒருவர் கையில் நான்கு நிறங்களில் நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். இளஞ்சிவப்புச் சீட்டில் குத்திய முத்திரை ஊருக்கு யார் தலைவர் என்பதை நேராகவே முடிவு செய்தது. இடையில் வேறு யாரும் இல்லை.

நான்கு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 19 அன்று, பக்கத்தில் இருக்கும் திருநெல்வேலி மாநகரில் தேர்தல் நடந்தது. இங்கே வாக்காளருக்கு ஒரே ஒரு வாக்கு. அது அவருடைய வார்டுக் கவுன்சிலருக்கு. மேயர் யார் என்பதை மார்ச் 4ஆம் தேதி 55 கவுன்சிலர்கள் கூடி முடிவு செய்தார்கள். ஐந்நூறு வீடு உள்ள ஊராட்சியில் இருப்பவர் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கிறார். 2011 கணக்கெடுப்பின்படி 4.73 இலட்சம் மக்கள் வாழும் மாநகரில் இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை.

இந்த வேறுபாட்டை அரசியல் சாசனம் கட்டாயப்படுத்தவில்லை. 73, 74ஆவது திருத்தங்கள் கிராம ஊராட்சித் தலைவரையும் நகர மன்றத் தலைவரையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றங்களிடமே விட்டுவிட்டன. ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் மட்டும் உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நிலையாக எழுதிவைத்தன. கிராம ஊராட்சி விஷயத்தில் தமிழ்நாடு நேரடித் தேர்தலில் உறுதியாக நின்றது. மாநகரங்கள் விஷயத்தில் மட்டும் விதி ஓரிடத்தில் நிற்கவே இல்லை.

அந்த வரலாற்றை வரிசையாகச் சொல்ல வேண்டும். சேர்த்துப் பார்த்தால்தான் அதன் போக்கு புலப்படும். 1996இல் மேயர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2001இலும் அப்படியே. 2006இல் திமுக ஆட்சி மறைமுகத் தேர்தலுக்கு மாற்றியது. 2011இல் அதிமுக ஆட்சி மீண்டும் நேரடித் தேர்தலைக் கொண்டுவந்தது. அதே அதிமுக ஆட்சி 2016 ஜூனில், அந்த ஆண்டு அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலுக்குச் சில மாதம் முன்னால், அதை மறைமுகமாக்கியது. 2018 ஜனவரியில் மறுபடி நேரடி. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் மறுபடி மறைமுகம். 2022 தேர்தலை நடத்திய திமுக ஆட்சி அதை மாற்றவில்லை. இரண்டு பெரிய கட்சிகளும் இரண்டு முறைகளையும் ஆதரித்திருக்கின்றன, இரண்டையும் கைவிட்டிருக்கின்றன.

மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. மேயர் ஒரு கட்சி, மன்றத்தின் பெரும்பான்மை வேறு கட்சி என்று அமைந்தால் வரவு செலவுத் திட்டம்கூட நகராது என்பது மறைமுகத் தேர்தலுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது. 2001இல் சென்னையில் மு.க. ஸ்டாலின் மேயராக நேரடியாக வென்றார். துணை மேயர் எதிரணியிலிருந்து வந்தார். அடுத்த ஆண்டே ஒருவர் சட்டமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது, ஸ்டாலின் மேயர் பதவியை விட்டார். நேரடித் தேர்தலுக்குச் சொல்லப்படும் நியாயமும் வலுவானதே: நகரம் முழுவதற்கும் பொறுப்பான ஒருவரை நகரம் முழுவதும்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிக்கல் இந்த இரண்டு வாதங்களில் இல்லை. எந்த வாதத்தை எந்தத் தேர்தலுக்கு முன்னால் எடுப்பது என்பதை ஆட்சியில் இருப்பவரின் கூட்டணிக் கணக்குத் தீர்மானிக்கிறது என்பதில் இருக்கிறது. கூட்டணிக் கட்சிகள் மேயர் இடங்களைப் பேரம் பேசிக் கேட்கும் காலத்தில் மறைமுகத் தேர்தல் வசதி. ஆட்சியின் அலை வீசும் காலத்தில் நேரடித் தேர்தல் வசதி. என் வாசிப்பு இது. ஒவ்வொரு மாற்றமும் தேர்தலுக்கு எவ்வளவு நெருக்கத்தில் வந்தது என்று பார்த்தால் வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து 1994இல் உருவானது இந்த மாநகராட்சி. இரண்டு ஆண்டு கழித்து, 1996இல், அதன் முதல் மேயராக உமா மகேஸ்வரி மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2006இல் கவுன்சிலர்கள் ஏ.எல். சுப்பிரமணியனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடி மக்களே விஜிலா சத்தியானந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 2014இல் அவர் மாநிலங்களவைக்குப் போனார். அந்த ஆண்டு செப்டம்பரில் நடத்துவதாக இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. எதிர்த்து நின்ற பாஜக வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற்றதால் அதிமுகவின் புவனேஸ்வரி போட்டியின்றி மேயரானார். நேரடித் தேர்தல் என்று சட்டம் சொல்லியும், ஐந்தாண்டின் பிற்பாதிக்கான மேயரைத் தேர்ந்தெடுக்க நெல்லையில் ஒரு வாக்குகூடப் பதிவாகவில்லை.

அதன் பிறகு இன்னும் நீண்ட வெற்றிடம். பழங்குடியினர் இட ஒதுக்கீட்டு அறிவிக்கையில் இருந்த குறைகளைக் காட்டி 2016 அக்டோபர் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் ஆட்சி தொடங்கியது. மன்றத்தின் ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்று சாசனத்தின் 243யூ பிரிவு சொல்கிறது. இங்கே ஐந்தாண்டுக்கும் மேல் மன்றமே இல்லாமல் போனது. ஊரகப் பகுதிகளிலும் நெல்லை பின்தங்கியது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்ததால், அந்த டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தலில் நெல்லையும் தென்காசியும் இடம்பெறவில்லை. புதிதாகப் பிரிக்கப்பட்ட மற்ற மாவட்டங்களோடு சேர்ந்து இவை 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் வாக்களித்தன. இத்தனை காலம் காத்திருந்த ஒரு நகரத்துக்கு 2022இல் கிடைத்தது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

55 வார்டுகளில் திமுக கூட்டணிக்கு 51. அதிமுகவுக்கு 4. பாஜகவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்பது மாதம் முன்னால், 2021 மே மாதம் எண்ணப்பட்ட வாக்குகளில், திருநெல்வேலி சட்டமன்றத் தொகுதியை அதிமுக கூட்டணியில் நின்ற பாஜகவின் நயினார் நாகேந்திரன் வென்றிருந்தார். பாளையங்கோட்டையைத் திமுகவின் அப்துல் வகாப் வென்றிருந்தார். அதிமுக கூட்டணிக்கு வாக்களித்த மக்கள் ஒன்பது மாதத்தில் ஊரை விட்டுப் போய்விடவில்லை. மாநகராட்சித் தேர்தலில் அதிமுகவும் பாஜகவும் தனித்தனியாக நின்றன. ஒவ்வொரு வார்டிலும் முதலில் வருபவருக்கே இடம், இரண்டாவதாக வருபவர் எத்தனை வாக்கு வாங்கினாலும் பயனில்லை என்ற முறையில், வாக்கு இரண்டாகப் பிரிந்த தரப்பு வார்டுக்கு வார்டு தோற்றது. மன்றத்தில் எதிர்க்கட்சி என்று சொல்லத்தக்க எண்ணிக்கை மிஞ்சவில்லை.

எதிர்க்கட்சி இல்லாத மன்றத்தில் எதிர்ப்பு ஆளும் கட்சிக்குள்ளேயே எழும். நெல்லையில் அதுதான் நடந்தது. மேயர் பி.எம். சரவணனுக்கு எதிராக அவருடைய கட்சிக் கவுன்சிலர்களே நின்றார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் அதற்காகக் கூட்டப்பட்ட கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலரும் வரவில்லை. கட்சித் தலைமையின் சமரசம் அப்போதைக்கு வேலை செய்தது. ஜூலை தொடக்கத்தில் மேயர் பதவி விலகினார். அதே நாளில் கோவை மேயரும் விலகினார். ஆகஸ்ட் 5 அன்று நெல்லையில் புதிய மேயருக்கான வாக்கெடுப்பு ரகசியமாக நடந்தது. கட்சி அறிவித்த வேட்பாளர் கிட்டு என்ற ஜி. ராமகிருஷ்ணனுக்கு 30 வாக்குகள். எதிர்த்து நின்றவரும் அதே கட்சிக் கவுன்சிலர், அவருக்கு 23. அதிமுகவின் நான்கு பேரும் அவருக்கே போட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், குறைந்தது 19 வாக்குகள் ஆளும் கூட்டணிக்குள்ளிருந்து வந்தவை. பத்தாவது அட்டவணையின் கட்சித் தாவல் தடை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்குமே உரியது. மாமன்றத்துக்கு அது வராது.

ராமகிருஷ்ணன் சைக்கிளில் வார்டைச் சுற்றி வருபவர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. எளிமையான மனிதர் ஒருவர் மேயராவது நகரத்துக்கு மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் அவரை நகரம் தேர்ந்தெடுக்கவில்லை. முந்தைய மேயர் ஏன் போனார், அவருக்கும் கவுன்சிலர்களுக்கும் என்ன தகராறு, எந்த ஒப்பந்தம், எந்தச் சாலை, எந்தக் குடிநீர்க் குழாய் என்று எதையும் எந்த வேட்பாளரும் மக்கள் முன் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாநகரத்தின் தலைமை பாதியில் மாறியது, அது அறைக்குள்ளேயே முடிந்துவிட்டது.

அதே கோடையில் இத்தாலியின் வடமேற்குக் கரையில் இருக்கும் லிகூரியா பிராந்தியத்திலும் தலைமை பாதியில் கவிழ்ந்தது. அதன் தலைவர் ஜொவான்னி தோத்தி 2024 மே மாதம் ஊழல் வழக்கில் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். ஜூலை கடைசியில் பதவி விலகினார். அங்கே அவருக்குப் பதிலாக இன்னொருவரைப் பிராந்திய மன்றம் தேர்ந்தெடுக்க முடியாது. இத்தாலிய அரசியல் சாசனத்தின் 126ஆவது பிரிவின்படி, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவர் விலகினாலோ, மன்றம் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினாலோ, மன்றமும் சேர்ந்தே கலைகிறது. தலைவரும் மன்றமும் ஒன்றாகப் பதவிக்கு வருகிறார்கள், ஒன்றாகவே போகிறார்கள். அக்டோபர் 27, 28 தேதிகளில் லிகூரியா முழுவதும் மறுபடி வாக்களித்தது. தலைநகர் ஜெனோவாவின் மேயராக இருந்த மார்கோ புச்சி 48.8 விழுக்காடும் அவரை எதிர்த்த அந்திரேயா ஒர்லாந்தோ 47.4 விழுக்காடும் பெற்றார்கள். வித்தியாசம் எட்டாயிரத்துச் சொச்சம் வாக்கு. புச்சி பிராந்தியத் தலைவரானதால் ஜெனோவா மேயர் இடம் காலியானது. அதற்கும் அதே விதிதான். 2025 மே மாதம் ஜெனோவா மக்கள் மேயரையும் நகர மன்றத்தையும் புதிதாகத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர் அணியின் சில்வியா சாலிஸ் வென்றார். 2014இல் நெல்லை மேயர் தில்லிக்குப் போனபோது என்ன நடந்தது என்பதை இதனருகே வைத்துப் பார்க்கலாம்.

இத்தாலிக்கு இந்த விதி ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1993 வரை அங்கும் மேயரை நகர மன்றமே தேர்ந்தெடுத்தது. கட்சிகளின் பேரத்தில் மேயர்கள் அடிக்கடி மாறினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரும் ஊழல் வழக்குகளில் பழைய கட்சிகள் சரிந்த நேரத்தில், 1993 மார்ச்சில் மேயர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சட்டம் வந்தது. 15,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் முதல் சுற்றில் எவருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால், இரண்டு வாரம் கழித்து முதல் இருவருக்குள் மட்டும் இரண்டாம் சுற்று. வென்ற மேயரை ஆதரித்த வேட்பாளர் பட்டியல்களுக்குச் சில நிபந்தனைகளோடு மன்றத்தில் 60 விழுக்காடு இடங்கள். மீதி மற்ற கட்சிகளுக்கு வாக்கு விகிதப்படி. 1995இல் இதே எண்ணத்தோடு பிராந்தியங்களுக்கும் ஒரு சட்டம் வந்தது: ஐந்தில் நான்கு இடங்கள் மாவட்டவாரியாக வாக்கு விகிதப்படி, ஐந்தில் ஒன்று வென்ற அணிக்குப் பெரும்பான்மையை உறுதிசெய்யும் கூடுதல் இடங்கள். 1999இல் அரசியல் சாசனத் திருத்தம் பிராந்தியத் தலைவரையும் நேரடித் தேர்தலுக்கு உட்படுத்தியது.

இந்த முறை, நம் ஊரில் மாறி மாறிச் சொல்லப்படும் இரண்டு வாதங்களுக்கும் ஒருசேரப் பதில் சொல்கிறது. தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்கு மன்றத்தில் பெரும்பான்மை உண்டு. அந்தப் பெரும்பான்மை எவ்வளவு பெரிதானாலும் எதிரணிக்கு வாக்குக்கேற்ற இடம் உண்டு. 51க்கு 4 என்ற கணக்கு அங்கே எளிதில் வராது.

குறைகளும் உண்டு. கூடுதல் இடங்களின் அளவு போதாமல் போனால் பழைய சிக்கல் திரும்பி வரும்: 2012இல் சிசிலியில் ரொசாரியோ குரொசெத்தா முப்பது விழுக்காட்டைச் சற்றே தாண்டித் தலைவரானார், 90 இடங்கள் கொண்ட அவையில் அவருடைய கூட்டணிக்கு 39 தான் கிடைத்தது. தலைவரைக் கவிழ்த்தால் தங்கள் பதவியும் போகும் என்பதால் உறுப்பினர்கள் கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள் என்ற விமர்சனமும் அங்கே வலுவாக இருக்கிறது. 2024 லிகூரியா தேர்தலில் வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வாக்களிக்க வரவில்லை. நல்ல விதி மட்டும் மக்களை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்துவிடாது.

விதி வகுப்பது தாமிரபரணிக் கரைக்குப் புதிதும் அல்ல. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கும் மானூரில், அம்பலவாண சுவாமி கோயிலில், மாறன் சடையன் என்ற பாண்டியனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உண்டு. காலம் ஏறத்தாழ கி.பி. 800. குடவோலைக்குப் பெயர் பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு நூறாண்டுக்கும் மேல் முந்தியது. அப்போது மானநிலைநல்லூர் எனப்பட்ட அந்தப் பிரமதேயத்தின் (பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊரின்) மகாசபை கூடி, சபையில் யார் உட்காரலாம் என்பதை அதில் முடிவு செய்திருக்கிறது. ஊர் நிலத்தில் பங்குடையவரின் பிள்ளைகளில் எவருக்கு இடம், அவர் என்ன படித்திருக்க வேண்டும், விலைக்கு வாங்கியோ கொடையாகவோ சீதனமாகவோ பங்கு பெற்றவருக்கு என்ன தகுதி என்றெல்லாம் அது விவரிக்கிறது. கல்வெட்டில் என்னை நிறுத்தியது அடுத்த விதி. சபையில் எதைச் சொன்னாலும் மறுத்து மறுத்துக் குறுக்கே நிற்பவருக்கும் அவருக்குத் துணை போகிறவர்களுக்கும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம்.

இதைப் பொற்கால மக்களாட்சி என்று கொண்டாட நான் விரும்பவில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்களின் சபை அது. வயலில் உழைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடம் இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சபை முடங்குவது ஒரு உண்மையான ஆபத்து என்று உணர்ந்து, அதைத் தீர்க்கும் விதியை அவர்கள் கல்லில் வெட்டினார்கள். அடுத்த முறை யாருக்கு வசதியோ அதற்கேற்ப அழித்து எழுத முடியாதபடி வெட்டினார்கள். நாம் அதே சிக்கலுக்கு இருபத்தைந்து ஆண்டுக்குள் ஐந்து முறை விதியை மாற்றியிருக்கிறோம்.

இத்தாலிய முறையை அப்படியே இங்கே எடுத்து வைக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நகர மன்றத்தின் இடங்கள் வார்டுகளிலிருந்து நேரடித் தேர்தலால் நிரப்பப்பட வேண்டும் என்று சாசனத்தின் 243ஆர் பிரிவு சொல்கிறது. வென்ற மேயரின் பட்டியலுக்குத் தனியாகக் கூடுதல் இடம் கொடுப்பதற்கு அது இடம் தராது. ஆனால் ஒரு வார்டுக்கு ஒரே உறுப்பினர்தான் என்று எங்கும் எழுதப்படவில்லை. அகமதாபாத் மாநகராட்சியில் 48 வார்டுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர், மொத்தம் 192 கவுன்சிலர்கள். அங்கே முதலில் வரும் நால்வரும் ஒரே கட்சியாக இருக்க வாய்ப்பு அதிகம், எனவே வார்டைப் பெரிதாக்குவது மட்டும் போதாது. மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும்போது பயன்படும் ஒற்றை மாற்று வாக்கு முறையை, அதாவது வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிக்கும் முறையை, வார்டுக்கும் கொண்டுவரலாம். நெல்லையின் 55 இடங்களை ஐந்து உறுப்பினர் வார்டுகளாக அமைத்தால் 11 வார்டுகள் வரும். ஒரு வார்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு பெறும் எந்தத் தரப்புக்கும் ஓர் இடம் நிச்சயம். பெண்களுக்கான 50 விழுக்காட்டையும் பட்டியல் சமூக ஒதுக்கீட்டையும் ஒவ்வொரு வார்டுக்குள்ளேயே நிறைவேற்றலாம். சுழற்சியில் வார்டு கைவிட்டுப் போகிறது என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் கவுன்சிலர்கள் வார்டு மாறி ஓடும் நிலையும் குறையும்.

மேயரைப் பொறுத்தவரை நான் நேரடித் தேர்தலின் பக்கம். ஆனால் லிகூரியா விதியோடு சேர்த்துத்தான்: மேயர் இடையில் விலகினாலோ நீக்கப்பட்டாலோ மன்றமும் மக்களிடம் திரும்பப் போக வேண்டும். அப்போதுதான் 19 கவுன்சிலர்களின் அதிருப்தி ஒரு பேரமாக முடியாமல், ஊர் கேட்கும் விவாதமாக மாறும். இது அரசியல் சாசனத்தோடு பொருந்துமா என்று நீதிமன்றம் சோதிக்கக்கூடும். 243யூ மன்றத்துக்கு ஐந்தாண்டு தருகிறது, ஆனால் சட்டப்படி முன்னதாகக் கலைக்கப்படும் நிலையையும் ஏற்கிறது. மத்தியப் பிரதேசமும் சத்தீஸ்கரும் அண்மையில் மறைமுகத்துக்குப் போய்விட்டு நேரடி மேயர் தேர்தலுக்குத் திரும்பியிருக்கின்றன. பிகாரும் 2022இல் நேரடித் தேர்தலுக்கு வந்தது. எங்கும் மன்றத்தையும் மேயரையும் ஒன்றாகக் கட்டும் விதி வரவில்லை.

ஐரோப்பிய அவையின் வெனிஸ் ஆணையம் 2002இல் வகுத்த நடைமுறை விதிகளில் ஒன்று: தேர்தல் முறையின் அடிப்படைகளைத் தேர்தலுக்கு ஓராண்டுக்குள் மாற்றக் கூடாது. தமிழ்நாட்டுக்கு ஓராண்டு போதாது என்று நினைக்கிறேன். இங்கே எந்தத் திருத்தம் வந்தாலும் அது அடுத்த தேர்தலுக்குப் பொருந்தாது, அதற்கு அடுத்த தேர்தலிலிருந்தே நடைமுறைக்கு வரும் என்று உள்ளாட்சிச் சட்டத்திலேயே ஒரு பிரிவு வேண்டும். நெல்லை மாமன்றத்தின் இந்த ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கடுத்த தேர்தலில் எந்தக் கூட்டணி ஆட்சியில் இருக்கும், யார் மேயர் இடம் கேட்பார்கள் என்று இன்று எந்தக் கட்சி அலுவலகத்திலும் யாருக்கும் தெரியாது.